போனில் அளந்தால் தோப்பு 4 சென்ட் குறையுமா?

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் எங்களுக்கு 40 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. என் மகன் போனில் நிலம் அளக்கும் செயலியை ஏற்றி, தோப்பைச் சுற்றி நடந்து பார்த்தான். 36 சென்ட்தான் காட்டுகிறது. பக்கத்துத் தோப்பு என் சித்தப்பா மகனுடையது. அவர் கல்லை நகர்த்திவிட்டார் என்று வீட்டில் ஒரே பேச்சு. “சாட்டிலைட்டே சொல்லுது, அப்புறம் என்ன?” என்கிறான் மகன். இதை நம்பி அவரிடம் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

40 சென்ட் என்றால் சுமார் 1,619 சதுர மீட்டர். சதுரமான தோப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 40 மீட்டர். உங்கள் மகன் நான்கு பக்கமும் எல்லைக்கு ஒரு மீட்டர் உள்ளே நடந்திருந்தாலே கிட்டத்தட்ட 4 சென்ட் குறைந்துவிடும். முள்வேலியும் வாய்க்காலும் இருக்கிற தோப்பில் யார்தான் எல்லைக் கோட்டின் மேலேயே நடக்க முடியும்?

மாறாக, உங்கள் உறவினர் பக்கம் மட்டும் 4 சென்ட் போயிருந்தால், அந்த 40 மீட்டர் நீளத்துக்கும் 4 மீட்டர், அதாவது 13 அடி, அவர் உள்ளே வந்திருக்க வேண்டும். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி விட்டு, ஓர வரிசையை வேலியிலிருந்து அதில் பாதி தள்ளி நடுவது வழக்கம். உங்கள் தோப்பும் அப்படி நட்டது என்றால், 13 அடி போயிருந்தால் ஓர மரங்கள் இப்போது வேலியை ஒட்டியோ அவர் பக்கத்திலோ நிற்கும். போய் ஒரு தடவை பாருங்கள். செயலியை விட அந்த மரங்கள் நல்ல சாட்சி.

சரி, சாட்டிலைட் தப்புச் சொல்லுமா? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நிலத்தை அளப்பதில்லை. நேரத்தைச் சொல்கின்றன, அவ்வளவுதான். அந்த சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் கணக்கைச் சேர்த்து, போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஒரு விநாடியைப் 10 கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 3 மீட்டர் பிசகும். திறந்த வெளியிலேயே சாதாரண போனுக்கு 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டுவது சகஜம். தென்னை மட்டைக்கு அடியில் இன்னும் மோசம். இந்தியாவின் சொந்த செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நவிக் வசதியுள்ள போனாக இருந்தாலும் கல்லைக் கண்டுபிடிக்கும் துல்லியம் வராது.

நம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கோடுதான் காரணம். இந்தப் பகுதியில் பொழுது சாய்ந்த பிறகு மேல்வானத்தின் மின்னூட்ட அடுக்கு கலைந்து சிக்னலைத் தடுமாற வைக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் அதிகம். வேலை முடிந்து சாயங்காலம் போய் அளந்திருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் சுற்றி வந்தால் பிசகும் பெரும்பாலும் ஒரே பக்கமாகவே போகும். அதனால் பரப்பளவு ஓரளவு ஒத்துவரலாம். எரு எவ்வளவு போடுவது, சொட்டுநீர்க் குழாய் எத்தனை அடி வாங்குவது என்பதற்கெல்லாம் அது போதும். கல் எங்கே இருக்க வேண்டும் என்பதற்குப் போதாது.

அதற்கு எஃப்.எம்.பி. என்கிற புலப்படம் வேண்டும். அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் கிடைக்கும். முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். கல்லுக்குக் கல் தூரம் அதில் எழுதியிருக்கும். நீள டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே ஒத்துப் பாருங்கள். கல்லைக் காணோம் என்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம். ஆண்டுக்கணக்காக வரப்பு அணைத்து அணைத்து மண்ணுக்குள் போயிருக்கும், கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பட்டாவையும் எடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் சென்ட் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர் இருக்கும் (ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர்). 16 ஏர் என்று போட்டிருந்தால் அதுவே 39.5 சென்ட்தான்.

டேப்பிலும் இடித்தால், கட்டணம் கட்டி சர்வேயர் வந்து அளக்க மனுக் கொடுங்கள். தனியார் சர்வேயர்கள் ரோவர் என்கிற துல்லியமான ஜி.பி.எஸ். கருவி வைத்து சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். வேலை சுத்தம்தான், ஆனால் பங்காளித் தகராறில் அரசு சர்வேயர் காட்டும் அத்துதான் எடுபடும். எதுவானாலும் நீங்களாகக் கல்லைப் பிடுங்கி நடாதீர்கள். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி அதைப் பாதுகாப்பது பட்டாதாரர் பொறுப்பு.

மனுக் கொடுக்கும் முன்பே சித்தப்பா மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அளப்பதற்குமுன் அக்கம்பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு நோட்டீஸ் போகும். உங்களிடமிருந்து கேள்விப்படாமல் அது முதலில் அவர் கையில் கிடைத்தால், கேஸ் போட்டுவிட்டீர்கள் என்றே நினைப்பார்.