பனி நாளில் கிளம்பலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இது எழுத்து சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. ஆனாலும் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து இந்த வார இறுதிக்கு மலைப்பகுதியில் ஒரு வீடு எடுத்திருக்கிறோம். முழுப் பணமும் முன்பே கட்டியாயிற்று. இப்போது ரத்து செய்தால் ஒன்றும் திரும்பி வராது. சாதாரண நாளில் நான்கு மணி நேரப் பயணம், அதில் கடைசி ஒரு மணி நேரம் மலைப்பாதை. சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவதாகத் திட்டம். ஆனால் வெள்ளி இரவு தொடங்கி சனி இரவு வரை கடும் பனிப்பொழிவு என்கிறது முன்னறிவிப்பு.

மற்ற இரண்டு குடும்பங்களும், “இவர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள், போய்க்கொள்ளலாம்” என்கிறார்கள். ஒரு நண்பரிடம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கிறது. அவர் முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே போய்விடலாம் என்பது யோசனை. மகளுக்கு ஐந்து வயது, மகன் கைக்குழந்தை. மனைவிக்கு இஷ்டமில்லை என்று தெரிகிறது, வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் வேண்டாம் என்றால் எல்லோருடைய சந்தோஷத்தையும் கெடுத்தவன் ஆகிவிடுவேனோ என்று இருக்கிறது. மகள் பையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு நாள் குறைவாக இருப்பதால் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சனிக்கிழமை காலை கிளம்பாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நண்பர்களிடம் பேசும்போது உங்களுக்கு அது தேவைப்படும்.

உங்கள் கடிதத்தில் பனியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். அது இயல்புதான். ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர், 2017இல் நோபல் பரிசு பெற்றவர், 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட உங்கள் நிலைமையையே உதாரணமாகக் கொடுத்திருக்கிறார். ஒரு குடும்பம் 40 டாலர் கொடுத்துக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குகிறது. ஆட்டம் நடக்கும் இடம் 60 மைல் தள்ளி. அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல். இருந்தாலும் கிளம்புகிறார்கள். ஆனால், “யாராவது சும்மா கொடுத்த டிக்கெட்டாக இருந்தால் வீட்டிலேயே இருந்திருப்போம்” என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொள்கிறார்கள். அதே புயல், அதே சாலை, வண்டியில் அதே பிள்ளைகள். கொடுத்த காசு ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் காசோ, போனாலும் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் இப்படிக் கேட்டார்கள்: 100 டாலருக்கு ஒரு பனிச்சறுக்கு வார இறுதி, 50 டாலருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டீர்கள், இரண்டும் ஒரே தேதியில் வருகின்றன, பணம் எதற்கும் திரும்பாது. 50 டாலர் பயணம்தான் உங்களுக்கு அதிக சந்தோஷம் தரும் என்று நினைக்கிறீர்கள். எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேலானவர்கள் 100 டாலர் பயணத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதலாகச் செலவழித்துவிட்டோம் என்பதற்காகவே, குறைவான சந்தோஷத்தைத் தேடிப் போகச் சம்மதிக்கிறோம்.

அதனால் இன்று இரவு நீங்களும் மனைவியும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வீட்டை யாரோ இலவசமாகக் கொடுத்திருந்தால், எந்த வார இறுதிக்கு வேண்டுமானாலும் வரலாம் என்றும் சொல்லியிருந்தால், இந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பீர்களா? உங்கள் மனைவியின் மௌனத்தில் பதில் ஏற்கெனவே இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதை அவர் வாயால் சொல்ல நீங்கள் இடம் கொடுக்க வேண்டும்.

இனி சாலைக்கு வருகிறேன். நண்பரின் ஃபோர் வீல் டிரைவ் மேல் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கைதான் எனக்குக் கூடுதல் பயம் தருகிறது. நான்கு சக்கரங்களும் உந்தினால் வண்டி பனியில் சுலபமாகக் கிளம்பும், ஏற்றத்தில் ஏறும். உண்மை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரம்தான். உறைபனியில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் காய்ந்த சாலையைப் போலப் பத்து மடங்கு வரை போகலாம் என்று பிரிட்டனின் சாலை விதிக் கையேடு சொல்கிறது. அந்த விஷயத்தில் கைகொடுப்பது டயர்தான். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுக ஆரம்பித்துப் பிடிப்பை இழக்கிறது. விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாகவே இருக்கிறது. உங்கள் வண்டியில் எது போட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அவருடைய வண்டிக்குப் பின்னாலேயே போவது என்பது, அவரால் ஏற முடிகிற இடத்துக்கெல்லாம் உங்களாலும் ஏற முடியும் என்று நம்பிக்கொண்டு போவது. பாதி ஏற்றத்தில் உங்கள் சக்கரம் சுழல ஆரம்பித்தால் அவர் முன்னால் இருந்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் வழுக்கினால், நீங்கள் அவருக்கு நேர் பின்னால் இருப்பீர்கள்.

இன்னொன்று. எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். எந்த மணி நேரத்தில், எவ்வளவு வேகமாக விழும் என்று பாருங்கள். நாள் முழுக்கப் பரவலாக விழும் 20 சென்டிமீட்டரைப் பனி அகற்றும் வண்டிகள் சமாளித்துவிடும். மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் விழுந்தால், ஒரு வண்டி வழித்துவிட்டுப் போன இடம் அது அடுத்த சுற்று வருவதற்குள் மறுபடி வெள்ளையாகிவிடும். பனி உருகுவதற்குச் சாலையில் உப்பு தூவியிருப்பார்களே என்றால், மைனஸ் 10 டிகிரி பக்கம் போய்விட்டாலே சாதாரண உப்பு சரியாக வேலை செய்வதில்லை. பாலங்கள் இன்னும் மோசம். கீழேயும் காற்று ஓடுவதால் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். ஈரம் மாதிரி தெரியும், ஆனால் பிளாக் ஐஸாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலமாக இருக்கும்.

“நான் நிதானமாக ஓட்டுவேன்” என்று நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்வீர்கள். நிச்சயம் நிதானமாகத்தான் ஓட்டுவீர்கள். ஆனால் பனியில் நீங்கள் மாட்டுவது பெரும்பாலும் அடுத்தவர் வண்டியால். 2022 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் நடந்தது அதுதான். முதலில் மழை. உப்புக் கரைசல் தெளித்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று தெளிக்கவில்லை. அப்புறம் மழை பனியாக மாறிக் கொட்ட ஆரம்பித்தது. பெரிய லாரிகள் குறுக்கே திரும்பி நின்றன. அவ்வளவுதான், பின்னால் வந்த நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவு முழுக்க அங்கேயே. செனட்டர் டிம் கெய்னும் அதில் ஒருவர். இரண்டு மணி நேரத்தில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவருக்கு 27 மணி நேரம் ஆயிற்று. அவருடைய ஓட்டுதலில் எந்தக் குறையும் இல்லை.

வர்ஜீனியாவில் உயிர்ச்சேதம் இல்லை. அதே வாரம், ஜனவரி 7 இரவு, பாகிஸ்தானின் மர்ரீ மலைநகரத்தில் நிலைமை வேறு. பனி பார்க்கவென்று பெருங்கூட்டம் கிளம்பி வந்திருந்தது. அதில் 20 பேருக்கும் மேல், நகர முடியாமல் நின்ற வண்டிகளுக்குள்ளேயே இறந்துபோனார்கள். குளிர் ஒரு காரணம், கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. இது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் நண்பர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி நின்றுவிட்டது. குளிருக்கு இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போடுகிறோம். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருக்கும். வெளியே பனி ஏறிக்கொண்டே வந்து பின்பக்கம் சைலன்ஸர் குழாயை மூடுகிறது. வெளியேற வேண்டிய வாயு வண்டிக்குள் கசிகிறது. அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. லேசாகத் தலைவலிக்கும், பிறகு அசதி. காலையிலிருந்து வண்டியில் உட்கார்ந்திருந்த களைப்பு என்றுதான் நினைப்போம். பின்சீட்டில் குழந்தை தூங்கினால், பாவம் தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். ஒருவரும் எதையும் உணராமலேயே முடிந்துவிடும்.

என்றைக்காவது அப்படி மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். பனிப்புயலில் பத்தடியில் திசை போய்விடும், தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் சுலபமாகக் கண்ணில் படும். ஒவ்வொரு முறை இன்ஜினைப் போடும் முன்பும் இறங்கிக் குழாயைச் சுற்றி உள்ள பனியைத் தள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருக்கட்டும். பனிக்காலம் முடியும்வரை டேங்க் பாதிக்குக் கீழே போகாமல் வைத்திருப்பது, போர்வை, தண்ணீர், மண்வெட்டி, குழந்தைக்கு இரண்டு நாளுக்கான பால், டயப்பர் ஏற்றி வைப்பது எல்லாம் நல்ல பழக்கம். ஆனால் இவையெல்லாம் இருக்கின்றன என்பதற்காகக் கிளம்பக் கூடாது.

“கூட்டித்தான் சொல்வார்கள்” என்ற வாதத்துக்கு வருகிறேன். முன்னறிவிப்பு தவறுவது உண்டு. ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தில் பனி மழையாகிவிடும், புயல் சற்று விலகிப் போனால் 20 சென்டிமீட்டர் என்றது ஐந்தாகிவிடும். ஆனால் அதே காரணங்களால் ஐந்து என்றது 20 ஆகவும் செய்யும். நண்பர்கள் ஒரு பக்கத்துப் பிழையை மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். நேரம் நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியமாகும் என்பதால் வியாழன் இரவும் வெள்ளி மதியமும் மறுபடி பாருங்கள். எச்சரிக்கை விலக்கப்பட்டு, உங்கள் பாதை முழுக்கப் பனி குறையும் என்று வந்தால் தாராளமாகப் போய் வாருங்கள், நானே சந்தோஷப்படுவேன். முடிவை வெள்ளி மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை, பெட்டியெல்லாம் ஏற்றி, பிள்ளைகளுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்ட பிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘போகலாம்’ என்றுதான் இருக்கும்.

பனிக்கு முன்பே, வெள்ளி காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. போவது சுலபம், திரும்புவதைப் பற்றி யோசியுங்கள். சனி இரவு பனி நின்றால் ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலைகளை வழித்துவிடுவார்கள், மலைமேல் இருக்கும் ஒற்றை வீட்டுப் பாதைக்கு எப்போது வருவார்கள்? கனத்த பனியில் மின்கம்பிகள் அறுந்தால் அந்த வீட்டை எது சூடாக்கும்? ஃபோனுக்கு சிக்னல் உண்டா? மலைச்சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்தும் கடும் பனி விழும்போதும், விழுந்த அடுத்த நாளும்தான் அதிகம். பிள்ளைகள் விளையாட ஓடும் நேரமும் அதுவே. செவ்வாய்க்கிழமை வரை அங்கேயே இருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, பால், மருந்து, விடுப்பு எல்லாம் கையில் இருக்கிறது என்றால் மட்டும் அந்த வழியை யோசிக்கலாம். கைக்குழந்தையோடு நான் யோசிக்க மாட்டேன்.

சந்தோஷத்தைக் கெடுத்தவன் ஆகிவிடுவேன் என்கிறீர்கள். மூன்று குடும்பங்கள், ஆறு பெரியவர்கள். அத்தனை பேரும் மனதார ஆசைப்படுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலேயே இருவருக்கும் தயக்கம், இருவரும் சொல்லவில்லை. மற்ற வீடுகளிலும் ஒருவராவது அப்படி இருப்பார், வேறு யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பார். உங்கள் தயக்கத்தை நண்பர்கள் குழுவில் எழுதாதீர்கள், அங்கே வாக்குவாதம் ஆகிவிடும். பெரிய வண்டி வைத்திருக்கும் நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவருடைய முடிவு தப்பு என்று சொல்ல வேண்டாம். “சின்னக் குழந்தையோடு நாங்கள் வரவில்லை, தேதியை மாற்ற முடியுமா என்று பார்க்கலாமா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் போகத்தான் போகிறார் என்றால் சண்டை வேண்டாம். எந்த வழி, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்கு அழையுங்கள்.

மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சாலையில் பனி அதிகம், வண்டி வழுக்கும், வேறு நாள் போகிறோம் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். அழுவாள், அழட்டும். பனி உங்கள் வாசலிலும் விழுமென்றால் சனிக்கிழமை முழுவதையும் அவளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் இன்றைக்கே பேசுங்கள், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னால் விதியைக் காட்டுவார். வேறு தேதி கேளுங்கள். பனியில் யாரும் அவர் வீட்டு வாசலில் சிக்கிக்கொள்வதை அவரும் விரும்பமாட்டார். அப்படியே, கடைசிப் பாதையைப் பனி வழிப்பது யார், எத்தனை நாளில் என்பதையும் கேட்டு வையுங்கள். அடுத்த தேதிக்கும் அது தேவைப்படும். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா