வாசகர் கேள்வி–பதில்: புயல் ஊருக்குக் கிளம்பும் முன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பெங்களூருத் தமிழர்களின் காது டெல்டா பக்கமே இருக்கும். அந்தச் சமயத்தில் வந்த கேள்விகளுக்கு, புயல் நிவாரணப் பணியில் பழகிய பௌத்த அன்பர் குழுவொன்று இந்த இதழில் பதில் தருகிறது.

கே: அபார்ட்மென்ட்டில் 40 மூட்டைத் துணி சேர்ந்துவிட்டது. லாரி பிடித்து அனுப்பலாமா? (அல்சூர் வாசகி)

ப: மூட்டையாக வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி குவிந்து கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். கலந்துகட்டிய மூட்டையைப் பிரித்துப் பார்க்க அங்கே ஆளும் இருக்காது, காய்ந்த தரையும் இருக்காது. வயல் வேலைக்குப் போகிற அம்மா உங்கள் மகளின் ஜீன்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? புதிய நைட்டி, உள்பாவாடை, லுங்கி, துண்டு, உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பையாகக் கட்டுங்கள். 12 கிலோவைத் தாண்ட வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். தீப்பெட்டியை மட்டும் ஜிப் கவரில் போடுங்கள்.

ஓசூர், சேலம், திருச்சி வழியாகப் போகிற லாரி பெரும்பாலும் மெயின் ரோட்டு ஊரிலேயே காலியாகிவிடும். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் கரையைக் கடந்த பிறகும் உட்கிராமங்களுக்கு நேர்ந்தது இதுதான். கிளம்புவதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடமோ பள்ளித் தலைமையாசிரியரிடமோ பேசி, எத்தனை வீடு என்று கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்லோர் கொடைக்குப் புத்தர் ஐந்து இலக்கணம் சொன்னார். மரியாதையோடு கொடுப்பது அதில் ஒன்று, காலமறிந்து கொடுப்பது இன்னொன்று. கடைசியாகச் சொன்னது, தனக்கோ பிறருக்கோ கேடு வராமல் கொடுப்பது. 40 மூட்டையை மனதில் வைத்துத்தான் சொன்னாரோ என்னவோ!

கே: வெள்ளம் புகுந்த கிணற்றில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? (கே.ஆர்.புரம் வாசகர்)

ப: முதலில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், விழுங்க வேண்டாம். உப்புக் கரித்தால் கடல்நீர் ஏறியிருக்கிறது. பவுடர் கிருமியைக் கொல்லுமே தவிர உப்பை எடுக்காது. அந்தக் கிணற்றை நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலிருந்து உப்புநீர் மேலேறும், உறையும் சரியலாம்.

உப்பு இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் வரும். விட்டம் 2 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம், ஆக மொத்தம் 24 கிராம். வெள்ளக் காலத்தில் இதை இரட்டிப்பாக்குவது நல்லது.

பவுடரை நேரே கிணற்றில் கொட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கட்டியாக அடியில் போய்த் தங்கிவிடும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசைமாவு போலக் கரைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கிற தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (நீரில் உள்ள குளோரினை அளக்கும் சிறு கருவி) பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இரவில் போட்டால் காலையில் எடுக்கலாம்.

கலங்கல் நீரில் சேறே குளோரினைத் தின்றுவிடும், முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிடுங்கள். திறந்து கிடந்த பவுடரில் நெடி இல்லையென்றால் வீரியமும் இல்லை.

கே: "அவங்க கர்மா, நாம என்ன செய்ய முடியும்?" என்கிறார் நண்பர். பௌத்தமும் அதைத்தானே சொல்கிறது? (காந்தி நகர் வாசகர்)

ப: இல்லை. சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்டார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவமாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், வினைப்பயன் என்று துன்பத்துக்கு எட்டுக் காரணம் அடுக்கினார் புத்தர். எல்லாமே பழவினைதான் என்பவர்கள் கண்கூடாகத் தெரிவதை மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொன்னார். பருவத்தை வினையோடு சேர்க்காமல் தனியாக வைத்ததைக் கவனியுங்கள். கஜாவில் ஓலைக்குடிசை போய்த் தளம் போட்ட வீடு நின்றதற்கு யாருடைய முற்பிறப்பும் தேவையில்லை.

கே: தார்ப்பாய் காற்றில் கிழிந்துவிடுகிறதே? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

ப: கண்ணியில் (ஓரத்து உலோக வளையம்) கட்டினால் கிழியத்தான் செய்யும். நெல்லிக்காய் அளவு வழுவழுப்பான கூழாங்கல்லைப் பாயின் உள்பக்கம் வைத்து, பாயோடு சேர்த்துப் பொட்டலம் போலத் திருகி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். இழுவை ஒரு துளையில் விழாமல் பரவிவிடும். மணல் ஊரில் முளை நிற்காது. உரச்சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, 2 அடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்தால் அசையாது. பாயைச் சரிவாகக் கட்டுங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 10 கிலோ. ஐந்து பேர் குடும்பத்துக்கு 4×6 மீட்டர் பாய் சரியாக இருக்கும். பாயைத் தாங்குகிற மூங்கில் முனையில் துணி சுற்ற வேண்டும், அல்சூர் வாசகியின் பழந்துணிக்கு அங்கே வேலை உண்டு.

கே: உதவி வாங்குகிறவர்களைப் போட்டோ எடுக்கலாமா? (ஜெயநகர் வாசகர்)

ப: பையை எடுங்கள், முகம் வேண்டாம்.

கே: தென்னந்தோப்பை இழந்தவரிடம் அநித்தியத்தை (நிலையாமையை) பற்றிப் பேசலாமா? (இந்திரா நகர் வாசகி)

ப: அவராகக் கேட்டால் பேசலாம். ஆளவி என்ற ஊரில் தொலைந்த மாட்டைத் தேடிவிட்டுப் பசியோடு வந்த உழவருக்கு முதலில் சோறு போடச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் புத்தர் அறம் பேசினார். வைத்து ஐந்தாறு ஆண்டு கழித்துக் காய்க்கிற மரம் ஒரே இரவில் சாய்ந்திருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வந்து எண்ணும் முன் அதை அறுத்து அப்புறப்படுத்திவிட்டால் இழப்பீட்டுக் கணக்கில் தகராறு வரும். விழுந்த மரங்களை வரிசையாகப் படம் எடுத்துக் கொடுங்கள், புல எண்ணைக் குறித்துவையுங்கள். சிட்டாவும் வங்கிப் புத்தகமும் நனைந்திருந்தால் வெயிலில் போடாமல், அயர்ன் செய்யாமல், ஏட்டுக்கு ஏடு வெள்ளைத்தாள் வைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட ஏட்டை இழுத்துப் பிரிக்க வேண்டாம். தாள் ஈரம் ஏற ஏற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பகல் முழுக்க ஆகும். அவர் ஏதாவது பேச நினைத்தால் அந்த நேரத்தில் பேசுவார்.