வீடு விலை போகவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. சென்னைப் புறநகரில் 1994இல் வாங்கிய தனி வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போக நினைக்கிறோம். எட்டு மாதமாக பார்ட்டி அமையவில்லை. வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) 1.12 கோடி. ஒருவர் 95 லட்சத்துக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: 95 லட்சத்துக்கு இறங்காதீர்கள். கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்ட நேரிடும். பத்திர விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்புக்கே விற்றதாக வருமான வரிக் கணக்கில் கொள்வார்கள். உங்கள் விஷயத்தில் 17 லட்சம் வித்தியாசம், அதற்கு 12.5 சதவீத வரி, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்தால் 2.21 லட்சம். வாங்குபவருக்கும் அந்த 17 லட்சம் வருமானமாகிவிடும். அவருடைய ஆடிட்டர் இதைச் சொன்னதும் பேச்சே முறிந்துபோவது உண்டு.

1.02 கோடிக்குப் பத்திரம் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. பேரத்தில் உங்கள் கடைசி விலை அதுதான். குறுகிய சந்து, விரிசல் என்று விலை குறைய உண்மையான காரணம் இருந்தால், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் புகைப்படங்களும் எடுத்து வையுங்கள். வரி அதிகாரியிடம் மதிப்பீட்டு அலுவலரின் ஆய்வைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

1994 விலையை வைத்து லாபம் கணக்கிட வேண்டாம். 1-4-2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 23-7-2024க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கச் சரிக்கட்டலுடன் (விலைவாசி உயர்வுக்கேற்ப வாங்கிய விலையைக் கூட்டிக்கொள்வது) 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். விற்ற இரண்டு ஆண்டுக்குள் ஃபிளாட் வாங்கினால் அதில் போட்ட லாபத்துக்கு வரி இல்லை. மார்க்கெட் மந்தம் ஃபிளாட் விற்பவருக்கும்தான். அங்கே நீங்கள் அடித்துப் பேசுங்கள்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே வாங்குங்கள். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். மிஞ்சும் தொகையில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் இருவருக்குமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1.23 லட்சம் வரும். அந்த வட்டிக்கு வரி உண்டு.

கேள்வி: விற்காமலே வங்கியில் மாதாமாதம் பணம் வாங்கலாமாமே?
- வாசகி, தாம்பரம்

பதில்: தலைகீழ் அடமானக் கடன். 60 வயது நிறைந்தவர், தான் சம்பாதித்து வாங்கிக் குடியிருக்கும் (சுயார்ஜித) வீட்டின் பேரில் வாங்கலாம். வருவது கடன்தொகை, அதனால் வரி இல்லை. வாழ்நாளில் திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஆனால் வட்டி குட்டி போடும். மாதம் 10,000 வீதம் 15 ஆண்டு வாங்கினால் கைக்கு வருவது 18 லட்சம். 10 சதவீத வட்டியில் கடன் சுமார் 41 லட்சமாக நிற்கும். பிள்ளைகள் அதை அடைத்து வீட்டை மீட்கலாம்.

மந்தமான நேரத்தில் வீட்டை மதிப்பிட்டால் மாதாமாதம் வங்கி தரும் தொகையும் குறையும். மறுமதிப்பீடு எப்போது என்று ஒப்பந்தத்தில் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சொத்து வரி, காப்பீடு பாக்கி விழுந்தால் வங்கி கடனைத் திரும்பக் கேட்கலாம். பல கிளைகளில் இந்தக் கடனைப் பற்றித் தெரிந்தவரே இருக்க மாட்டார். மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: விலை போகாத வீட்டை இப்போதே தன் பெயருக்கு எழுதச் சொல்கிறான் மகன்.
- வாசகர், மதுரை

பதில்: உயில் எழுதினால் போதும். செட்டில்மென்ட் (இப்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரம்) தான் வேண்டுமென்றால், ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை உங்களுக்கு என்பதையும், மகன் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த வாசகம் இருந்து அவர் கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். வாய்ப்பேச்சாக இருந்ததை அங்கே நிரூபிப்பது கஷ்டம்.