குழாயில் வெள்ளைப் பொருக்கு, தரையில் வழுக்கல்: ஒரே பாட்டில் போதுமா?

மதுரை ஆனையூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் வீட்டில் போர் தண்ணிதான். பாத்ரூம் டைல்ஸ், குழாய், வாளி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. முன்பு தெருவில் வருகிறவரிடம் ஆசிட் வாங்கி ஊற்றுவோம். மாமியாருக்கு மூச்சிழுப்பு வந்ததிலிருந்து நிறுத்திவிட்டேன். வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து ஸ்பிரே பாட்டிலில் அடித்தால் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். அடித்தேன், நன்றாகப் பொங்கியது, கறை அப்படியே இருக்கிறது. எதில் தப்பு?"

கலந்ததில்தான் தப்பு. வினிகர் அமிலம், ஆப்பசோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேகத்தை ஒன்று தின்றுவிடும். கரியமில வாயு பொங்கி வெளியே போனபின் பாட்டிலில் மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற ஓர் உப்பும்தான். அதற்கு அழுக்கை எடுக்கும் சக்தி கிடையாது. பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் இருக்கும், அவ்வளவே. வீடியோவுக்கு அது போதும், உங்கள் குழாய்க்குப் போதாது.

அந்த வெள்ளை என்ன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வைகைத் தண்ணீர் வருகிற வீடுகளில் இது குறைவு. போர் தண்ணீர் பாறை இடுக்குகளில் கிடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நாம் உப்புத் தண்ணி என்று சொல்வதில் இந்தக் கடினத்தன்மையும் அடக்கம். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். டைல்ஸில் தெறித்த சொட்டு காயும்போது தண்ணீர் பறந்துவிடும், சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். வெந்நீர்ப் பானையின் அடியில் பொருக்காகப் பிடிப்பதும் இதேதான். சுண்ணாம்பைச் சோப்பு கரைக்காது, அமிலம்தான் கரைக்கும். பாட்டிமார் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்ததிலும் வேலை செய்தது புளியில் இருக்கும் அமிலம்தான்.

அமிலம் என்றால் ஆசிட் கேன் வேண்டாம். அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பை ஒரு நொடியில் கரைக்கும், உண்மைதான். கூடவே டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டையும் அரிக்கும். அரித்துச் சொரசொரப்பான இடுக்கில் அடுத்த மாதம் இன்னும் அதிக அழுக்கு பிடிக்கும். அதன் புகையில் கதவுத் தாழ்ப்பாள்கூடத் துருப்பிடிக்கும். மாமியாரின் மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் சொல்வது சிட்ரிக் ஆசிட் தூள். எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. கீழமாசி வீதிப் பக்கம் மொத்த மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், அதாவது சுமார் இரண்டு மேசைக்கரண்டி. போர் தண்ணியிலேயே கரைக்கலாம், அதில் வீணாகும் அமிலம் மிகக் கொஞ்சம். நான்கைந்து சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டால் சுவரில் வழியாமல் ஒட்டி நிற்கும்.

அடித்ததும் தேய்க்காதீர்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். கால் மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்தால் மறுபடி அடியுங்கள். குழாயின் வளைவில் ஸ்பிரே நிற்காது. பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்து, காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் குழாயின் பளபளப்புப் பூச்சு மங்கக்கூடும். பல வருஷப் பொருக்கு ஒரே நாளில் போகாது. வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கடப்பாக் கல், மார்பிள், மொசைக் தரை என்றால் இதைத் தொடவே வேண்டாம். அவையும் சுண்ணாம்பு சேர்ந்தவைதான். கறையோடு தரையும் கரையும். சந்தேகமாக இருந்தால் மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் நிறுத்திவிடுங்கள்.

தரை வழுக்கல் வேறு கதை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை யாராவது சறுக்கி விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த எண்ணெயோடு, உப்புத் தண்ணியில் சோப்பு சேர்ந்து திரிந்த பிசுக்கும் இருக்கும். இதற்கு இரண்டாவது பாட்டில்: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திர லிக்விட். பூந்திக்கொட்டை வேகவைத்த தண்ணீரும் நன்றாக எடுக்கும், ஆனால் சீக்கிரம் கெட்டுவிடும். சலவை சோடாவைப் போர் தண்ணியில் போட்டால் பால்போல் வெளுக்கும். அதுவும் சுண்ணாம்புதான், எதை எடுக்க வந்தோமோ அதையே நாமே தரையில் பூசுவதாகிவிடும். முதலில் பிசுக்கு, அப்புறம் சுண்ணாம்பு, இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிசுக்குப் படலம் மேலே இருந்தால் அமிலம் உள்ளே இறங்காது.

இந்த இரண்டு பாட்டிலும் கிருமிநாசினி அல்ல. வினிகரையும் அதற்கு நம்ப வேண்டாம். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால்தான் பிளீச் தேவை. 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, கழுவிய தரையில் துணியால் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். அதை ஸ்பிரேயாக அடிக்கக் கூடாது, மறுநாளைக்கு வைத்திருக்கவும் கூடாது. அமிலம் போட்ட இடத்தில் பிளீச்சோ பிளீச்சிங் பவுடரோ படவே கூடாது. வினிகர், சிட்ரிக், ஆசிட் எதுவானாலும் சரி, குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. அமிலத்துக்கு ஒரு நாள், பிளீச்சுக்கு வேறொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். குளிர்பான பாட்டில், குடிதண்ணீர் பாட்டில் எதிலும் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். சிட்ரிக் கரைசலில் நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவுக்கு மட்டும் கலந்தால் போதும்.

ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரைப் பிடித்து பாத்ரூம் கழுவுகிறீர்களா? சிக்கனம் நல்லதுதான், ஆனால் அதில் போர் தண்ணியை விட உப்பு அதிகம். அதைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், டைல்ஸ் சுவருக்கு வேண்டாம். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சொட்டு நின்று காயாது. எந்த ஸ்பிரேயும் இதற்கு ஈடில்லை என்பது என் அனுபவம்.

மாமியாருக்காக இன்னொன்று. வினிகர் நெடியே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். சிட்ரிக்குக்கு நெடி இல்லை. ஆனாலும் காற்றில் பறக்கும் திவலை தொண்டையை உறுத்தும். அவர் வீட்டில் இருக்கும்போது ஸ்பிரே அடிக்காமல், துணியில் ஊற்றித் துடையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.