குருகு முதலில் குருகாக இருக்க வேண்டும்: மிகுபுனைவு நாவல்களின் குறியீடுகள் பற்றிய கேள்வி பதில்

எங்கள் பாளையங்கோட்டை வாசகர் கூட்டத்தில் சில மாதங்களாக மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களைப் படித்து வருகிறோம். கதைக்குள் இன்னது மறைந்திருக்கிறது என்று வாசகர்கள் கட்டும் ஊகங்களை இளைஞர்கள் ‘ஃபேன் தியரி’ என்கிறார்கள். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்த நாவல்களையும் நம் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதைகளையும் முப்பது ஆண்டுகளாக ஒரே ஆர்வத்தோடு படித்தும் கேட்டும் வருகிறேன். ஆகவே இரண்டையும் அருகருகே வைத்தே பேசுவேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் வரும் மோதிரம் அணுகுண்டைக் குறிக்கிறது என்று என் வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா?

இல்லையம்மா. முதலில் ஆண்டுகளைப் பாருங்கள். அந்த மோதிரம் 1937 செப்டம்பரில் வெளிவந்த ‘தி ஹாபிட்’ கதையிலேயே வந்துவிட்டது. பெரிய நாவலை அவர் அதே ஆண்டு டிசம்பரில் எழுதத் தொடங்கினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில். ‘தி ஹாபிட்’ கதையில் அது அணிந்தவரை மறைக்கும் மோதிரம் மட்டுமே என்பது உண்மைதான்; ஆனால் அதன் கொடுமையை விரித்துச் சொல்லும் அத்தியாயமும் 1939ஆம் ஆண்டுப் போர் மூளுவதற்கு முன்பே எழுதப்பட்டது என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் ஆசிரியரே சொல்லியிருக்கிறார். நாவல் 1954, 1955 ஆண்டுகளில் அச்சேறியபோது வாசகர்களின் நெஞ்சில் குண்டின் அச்சம் நிறைந்திருந்தது. அந்த அச்சத்தோடு படித்தவர்களுக்கு மோதிரம் குண்டாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அதே முன்னுரையில் இன்னும் வலுவான ஒரு வாதம் இருக்கிறது. நடந்த போரை ஒட்டிக் கதை எழுதியிருந்தால், நல்லவர்கள் அந்த மோதிரத்தைக் கைப்பற்றிப் பகைவன்மீதே பயன்படுத்தியிருப்பார்கள் என்கிறார் அவர். கதையிலோ அதை அழிப்பதற்காகத்தான் அத்தனை பேரும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இதற்கு இது என்று ஆசிரியர் பூட்டிவைக்கும் உருவகத்தைத் தாம் விரும்புவதில்லை என்றும், வாசகர் தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளும் உரிமையையே விரும்புவதாகவும் அவர் சொல்கிறார்.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உண்டு. தலைவன் தன்னை மணந்த நாளில் சாட்சி யாரும் இல்லை என்று தலைவி வருந்துகிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு ஒன்றுதான் அங்கே நின்றது, அதன் கால்கள் தினைத்தாள் போல மெலிந்து பசுமையாக இருந்தன என்கிறாள். நடவு முடிந்த நம் ஆற்றுப்பாசன வயல்களில் அந்தக் குருகை யாரும் பார்க்கலாம். பக்கத்தில் ஆள் நடந்து போனாலும் அதன் கண் தண்ணீரைவிட்டு நகராது. பக்கத்திலேயே நின்றும் எதையும் கவனிக்காத சாட்சி அது. பாட்டின் துயரம் முழுவதும் அந்தப் பறவையின் இயல்பிலிருந்தே பிறக்கிறது. ‘குருகு என்றால் உலகம்’ என்று யாராவது பொருள் எழுதிவிட்டால், அந்தப் பசுங்கால் மறைந்துபோகும், பாட்டும் மறைந்துபோகும்.

மோதிரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதன் கேட்டினை அறிந்த கதைநாயகன் ஃப்ரோடோ, தன் வீட்டு அடுப்பிலேயே அதை எறிந்துவிட நினைக்கிறான். கை ஓங்குகிறது, ஆனால் மோதிரத்தைத் தன் சட்டைப்பைக்குள் தானே திரும்பப் போட்டுக்கொண்டிருப்பதைச் சற்றுக் கழித்துத்தான் உணர்கிறான். அந்தக் கையைக் கூர்ந்து பார்த்தவருக்கு ஆசை எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கிவிடும். குண்டு என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை): அதே நாவலில் மோதிரம் அழியும் நாள் மார்ச் 25 என்று வருகிறது. எங்கள் திருச்சபை நாட்காட்டியில் அது மரியாளுக்கு மங்கள வார்த்தை அறிவிக்கப்பட்ட நாள். இதுவும் வெறும் ஊகமா, தம்பி?

இல்லை, டீச்சர். இது அசைக்க முடியாத ஊகம். கிறிஸ்துவின் சிலுவை மரணம் நிகழ்ந்த நாளும் மார்ச் 25தான் என்று பழைய மேற்கத்திய மரபு ஒன்று கருதியது. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்ததும் அந்த நாளில்தான். நாவலின் பின்னிணைப்பிலும் வெற்றிக்குப் பின் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்குவதாக மாற்றப்படுகிறது. பயணக்குழு புறப்படும் நாளோ டிசம்பர் 25. இந்த இரண்டு நாட்களையும் வேண்டுமென்றே தேர்ந்ததாக ஆசிரியர் எழுதியிருக்கிறார்; அவர் உறுதியான கத்தோலிக்கர், இடைக்கால ஆங்கிலத்தைக் கற்பித்த பேராசிரியர். ஆயினும் கதைக்குள் ஒருவர்கூட அந்த நாளின் சிறப்பைப் பற்றிப் பேசுவதில்லை. நாள் தன் வேலையை அமைதியாகச் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த அடக்கம்தான்.

கேள்வி (வாசகர், விக்கிரமசிங்கபுரம்): டோல்கீன் கதைகளில் வரும் காண்டால்ஃப் என்னும் வெண்தாடி மந்திரவாதி நம் பொதிகைமலை அகத்தியரின் சாயல் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உங்கள் கருத்து என்ன?

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமே இல்லை. வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘வோலுஸ்பா’ என்றொரு பாடல் இருக்கிறது. அதில் குள்ளர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வருகிறது. ‘தி ஹாபிட்’ கதையின் குள்ளர் பெயர்களோடு காண்டால்ஃப் என்ற பெயரும் அந்தப் பட்டியலில் உள்ளது. உருவத்துக்கு, கோலூன்றி அலையும் ஓடின் தெய்வத்தைத் தாம் எண்ணியதாக 1946ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் ஆசிரியர் குறிப்பிட்டிருக்கிறார்.

ஒப்பிடுவதில் தவறில்லை, ஆனால் முழுமையாக ஒப்பிட வேண்டும். இறைவன் திருமணத்தைக் காண எல்லோரும் வடக்கே கூடியதால் உலகம் சாய, அதைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார். காண்டால்ஃபும் கடலுக்கு அப்பாலிருந்து அனுப்பப்பட்டவர்தான். ஒற்றுமை அவ்வளவோடு நிற்கிறது. அகத்தியர் விந்தியத்தை அடக்கினார், கடலைக் குடித்தார், வாதாபியைச் செரித்தார். ஆற்றலை வெளிப்படுத்துவதே அவர் கதை. காண்டால்ஃபுக்கோ பகைவனின் ஆற்றலுக்கு ஆற்றலால் ஈடுகொடுப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. மனிதர்களைத் தேற்றவும் தூண்டவும் மட்டுமே அவருக்கு அனுமதி உண்டு. நம் பாபநாசத்தில் இறைவன் அகத்தியருக்குத் திருமணக் கோலம் காட்டியருளினார் என்பது தலவரலாறு. ஒரு மலைக்கும் ஓர் ஆற்றுக்கும் உரிய முனிவரை வேறு நாட்டுக் கதைக்கு மூலமாக்கினால் அவருக்குப் பெருமை எதுவும் கூடாது.

கேள்வி (இளைஞர், களக்காடு): ஜார்ஜ் மார்ட்டினின் நாவல் வரிசையில் ஜான் ஸ்னோ உண்மையில் அரசகுமாரன் என்ற ஊகம் நிறைவேறிவிட்டதே, அண்ணாச்சி. அப்படியானால் மறைந்த பிறப்பைத் தேடும் ஊகங்கள் எல்லாம் நல்லவைதானே?

தம்பி, இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஊகமாக அது மிகச் சிறந்தது. முதல் நூல் 1996இல் வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஜான் ரேகாருக்கும் லியானாவுக்கும் பிறந்தவன் என்ற விடையை வாசகர்கள் கட்டிவிட்டார்கள். சான்று நூலுக்குள்ளேயே பூத்திருந்தது. பந்தயக் களத்தில் இளவரசன் ரேகார் தன் மனைவியை விட்டுவிட்டு லியானாவுக்கு நீலநிற ரோஜா மாலையைச் சூட்டுகிறான். லியானாவின் மரணத்தை நினைக்கும்போதெல்லாம், ஜானை வளர்த்த அவள் அண்ணனுக்கு அந்தப் பூவும் தான் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வருகின்றன. 1998இல் வந்த இரண்டாம் நூலில், பனிச்சுவரின் வெடிப்பில் ஒரு நீலப்பூ மலர்ந்து காற்றை மணக்கச் செய்யும் காட்சி வருகிறது. பனிச்சுவரில் காவல் நிற்பவன் ஜான். மூன்று இடங்களிலும் பூ பூவாகவே வருகிறது. வாசகர் அவற்றைத் தொடுத்துக்கொள்கிறார். 2016இல் தொலைக்காட்சித் தொடர் இதை உறுதிசெய்தது. நூல் வரிசையில் ஐந்தாம் நூல் 2011இல் வந்ததோடு நிற்கிறது.

விடை சரி. அதன் பிறகு வாசகர்கள் சென்ற வழிதான் எனக்கு வருத்தம் தருகிறது. ‘அவன் அரசகுமாரன், ஆகவே அரியணை அவனுடையது, அதனால்தான் அவனிடம் தலைமைப் பண்பு இருந்தது’ என்று எழுதத் தொடங்கினார்கள். மூன்றாம் நூலில் காவல்படையினர் தங்கள் அடையாளப் பொருள்களைக் கொப்பரையில் இட்டுத் தலைவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முறைதவறிப் பிறந்தவன் என்று எல்லோரும் நம்பிய ஒருவனை அவன் செயலைப் பார்த்துத் தேர்ந்தார்கள். அந்த வாக்குக்கு மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது இந்த வாசிப்பு.

இதே செயல் நம் ஊர்க் கதையிலும் நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் அந்தணர் குலத்தவன். செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையின் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பினான். அந்தப் பெண்களின் தந்தை கேட்டபடி பூணூலை அறுத்தான், குடுமியைக் களைந்தான், தோல் வேலையைக் கற்றுக்கொண்டான். திருமண இரவிலேயே மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டான். பிற்காலத்தில் யாரோ இந்தக் கதையில் ஒரு கிளையை ஒட்டினார்கள்: அந்தப் பெண்கள் பிறப்பால் அந்தணர் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது இதைப் பிற்சேர்க்கை என்று தெளிவாகக் காட்டினார். அந்த ஒரு கிளையால் பூணூலை அறுத்த செயலே பொருளற்றதாகிவிடுகிறது. குலம் மாறாமல் குலத்துக்குள்ளேயே மணந்தான் என்றால், அவன் எதைத் துறந்தான்?

காரையாறு போகும் வழியில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று போயிருப்பீர்கள். பட்டவராயன் என்று வணங்கப்படும் முத்துப்பட்டனுக்கு அங்கே நேர்ச்சையாகக் கொடுப்பது தோல் செருப்பு. பட்டவராயன் இரவில் அணிந்து காட்டில் நடப்பதால் அவை தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. மாமனார் கற்றுத்தந்த தொழிலின் பொருளே அவருக்குரிய காணிக்கை ஆனது. பிற்சேர்க்கை எழுதியவர் ஏட்டை மாற்றினார். செருப்பை அவரால் மாற்ற முடியவில்லை.

ஆகவே மறைந்த பிறப்பைத் தேடும் ஊகம் உங்கள் கைக்கு வரும்போது, அது கதைமாந்தரின் செயலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பாருங்கள். ஜானின் வளர்ப்புத் தந்தை, தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காக்கத் தன் நற்பெயரையே வாழ்நாள் முழுவதும் இழந்தார் என்பதை அந்த நீலப்பூ காட்டித்தருகிறது. ஊகத்தின் உண்மையான பயன் அதுதான். அரியணைக் கணக்கு எனக்கு வேண்டாம்.

கேள்வி (வாசகர், சங்கரன்கோவில்): ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையின் காலச்சக்கரம் நம் யுகக் கணக்குத்தானே?

காலம் சுழல்கிறது என்பது பொது. சுழலும் முறை வேறு. நம் கணக்கில் கிருத யுகம் 17,28,000 ஆண்டுகள் என்று தொடங்கிக் கலியுகம் 4,32,000 ஆண்டுகள் என்று முடிகிறது. யுகத்துக்கு யுகம் காலமும் சுருங்கும், அறமும் ஒவ்வொரு கால் இழக்கும். 1990இல் தொடங்கி, ஆசிரியர் 2007இல் மறைந்த பின் வேறொருவர் கைப்பட்டு 2013இல் நிறைவேறிய அந்த நாவல் வரிசையில் சக்கரத்துக்கு ஏழு ஆரங்கள், ஏழு யுகங்கள். படிப்படியான சரிவு என்ற கருத்து அங்கே இல்லை. சக்கரத்தைச் சுற்றித் தன் வாலைத் தானே கவ்வும் பாம்பு வேறு பழைய மரபுகளின் அடையாளம். மறுபிறவி அங்கே வினைப்பயனாகவும் வருவதில்லை.

கேள்வி (வாசகி, வள்ளியூர்): டோல்கீனின் நாவலில் வரும் டாம் பாம்படில் யார்? கடவுளா?

டோல்கீனே அவரை வேண்டுமென்று விடுகதையாக விட்டுவைத்தார். புராண காலத்திலும் சில விடுகதைகள் இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

கேள்வி (மாணவர், சேரன்மகாதேவி): முடிவை முன்பே ஊகித்துவிட்டால் படிக்கும் இன்பம் போய்விடாதா?

கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்கும் ஊர் நம்முடையது. வீசுகோல் வில்லில் விழுந்து மணிகள் ஒலிக்கும்போதே, முன்வரிசையில் இருக்கும் பாட்டிக்குக் கதையின் கடைசிச் சொல் வரை தெரியும். ஆனாலும் முத்துப்பட்டன் விழும் இடம் வரும்போது அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். முடிவு தெரிந்ததால் கெட்டுப்போகும் கதை, தெரியாதபோதும் அவ்வளவு நல்ல கதையாக இருந்திருக்காது என்பது என் கருத்து.

கேள்வி (எழுதத் தொடங்கியிருப்பவர், திசையன்விளை): தாமிரபரணிக் கரையில் நடக்கும் மிகுபுனைவு நாவல் ஒன்றை எழுதுகிறேன், அண்ணாச்சி. சுடலைமாடனை அடக்கப்பட்ட மக்களின் சினத்துக்குக் குறியீடாக வைத்திருக்கிறேன். வாசகர்கள் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடித்துவிடுவார்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. சினம் என்று கண்டுபிடித்த நொடியில் மாடன் கதையைவிட்டுப் போய்விடுவார்.

அகப்பாட்டின் உள்ளுறைக்கு, அதாவது காட்சிக்குள் மறைத்துவைக்கும் பொருளுக்கு, தொல்காப்பியர் ஒரு வரம்பு வைத்தார். பறவை, விலங்கு, மரம், தொழில் போன்ற கருப்பொருள்களை வைத்து உள்ளுறை அமைக்கலாம். தெய்வத்தை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்றார். வேறொன்றைச் சுட்டும் விரலாகத் தெய்வத்தை ஆக்கக் கூடாது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நம் பக்கத்தில் இந்த வரம்புக்கு இன்னும் கூடுதல் பொருள் உண்டு. நார்ஸ் தெய்வங்களைக் கதையில் எடுத்தாளும் எழுத்தாளர் ஏடுகளிலிருந்து எடுக்கிறார். நீங்கள் எடுத்திருப்பவருக்கோ ஆண்டுதோறும் கொடை நடக்கிறது, அவர் பெயரைச் சூடிய பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே விளையாடுகிறார்கள்.

எனவே அவர் கதையை உள்ளபடி எழுதிப் பாருங்கள். பிள்ளை வரம் கேட்ட பார்வதி, கயிலாயத்து விளக்கின் கீழே முந்தானையை ஏந்தி நிற்கிறாள். திரியிலிருந்து ஒரு சுடர் தெறித்து அதில் விழுகிறது. உருவமற்ற அந்தப் பிண்டம் உயிர் பெற்றுப் பிள்ளையாகிறது. தாய் பாலூட்டி உறங்கவைத்த பிள்ளை, இரவில் எழுந்து சுடலைக்குப் போய்ப் பிணம் தின்றுவிட்டு விடியுமுன் வந்து படுத்துக்கொள்கிறது. அதன் வாயில் வீசும் வாடையைத் தாய் முதன்முதலில் உணரும் அந்தக் காலைப்பொழுதை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் முதலில் எனக்கு அனுப்புங்கள்.