முழு அளவுக் கைத்துப்பாக்கியும் அன்றாட உடையும்: வாசகர் கேள்வி – பதில்

டெக்சஸ் மாநிலத்தில் வாழும் வாசகர்கள் சிலர், துப்பாக்கி வாங்கியபின் அதை நாள்தோறும் உடன் வைத்திருப்பதில் எழும் இடர்ப்பாடுகளைக் குறித்து எழுதியிருந்தார்கள். உரிம வகுப்புகளில் பயிற்றுநராக இருக்கும் என்னிடம் மாணவர்கள் மீண்டும் மீண்டும் கேட்பவையும் இவையே. கீழே சட்டம் பற்றிச் சொல்லியிருப்பவற்றுள் மாநிலச் சட்டம் டெக்சஸுக்கு மட்டுமே உரியது. பிற மாநிலத்தார் தத்தம் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: குடியுரிமை பெற்றபின் கிளாக் 17 என்ற முழு அளவுக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன். ஷூட்டிங் ரேஞ்சில் கைக்கு மிகவும் பொருந்தி வருகிறது. ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கிறது, சட்டையும் புடைத்துத் தெரிகிறது. சிறிய துப்பாக்கி வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், சுகர்லேண்ட்

பதில்: துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் பெல்ட்டை மாற்றுங்கள். கிளாக் 17, தோட்டாக்கள் நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ளது. அலுவலகத்துக்கு நாம் அணியும் மெல்லிய தோல் பெல்ட், பேன்ட் நழுவாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டதே தவிர, ஒரு பக்கத்தில் மட்டும் தொங்கும் இவ்வளவு எடையைத் தாங்குவதற்காக அன்று. எடை தொங்கும் இடத்தில் பெல்ட் வளைந்து கீழே இறங்குகிறது. இறங்கியதும் துப்பாக்கியின் மேற்பகுதி உடலை விட்டு வெளியே சாய்கிறது. அந்தச் சாய்வைத் தடுக்க நீங்கள் பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்குகிறீர்கள். அந்த இறுக்கம்தான் இடுப்பெலும்பில் வலியாகத் தெரிகிறது. துப்பாக்கிக்கென்றே விற்கும் பெல்ட் ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலத்தில், இரண்டு அடுக்குத் தோலாலோ நடுவில் விறைப்பான பிளாஸ்டிக் பட்டை வைத்தோ தைக்கப்பட்டிருக்கும். வாங்கும்போது இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதில் முறுக்கிக்கொள்ளும் பெல்ட் வேண்டாம். நல்ல பெல்ட்டாக இருந்தால் இறுக்கிக் கட்டத் தேவையே இராது.

அடுத்தது புடைப்பு. துப்பாக்கியின் நீளம்தான் வெளியே தெரிகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடுவதால் அதை யாரும் பார்ப்பதில்லை. பெல்ட்டுக்கு மேலே நிற்கும் பிடியின் அடிமுனைதான் சட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. எனவே, குழலைக் குறைத்துப் பிடியை மட்டும் முழு அளவில் விட்டுவைத்திருக்கும் கிளாக் 19எக்ஸ் போன்ற வகைகளை மறைப்பதற்காக வாங்குவதில் பொருளில்லை. அவற்றில் குறைந்திருப்பது நமக்குத் தொல்லை தராத முனை. நீண்ட குழலால் ஒரு நன்மையும் உண்டு. பெல்ட்டுக்குக் கீழே அது உடலோடு ஒட்டி அழுந்தி நிற்பதால், பிடியின் எடை மேற்பகுதியை வெளியே சாய்ப்பதைத் தடுக்கிறது.

ஆகவே பிடியை உடலோடு சேர்ப்பதில்தான் முயற்சி முழுவதும் இருக்க வேண்டும். வயிற்றின் நடுவை 12 மணி என்றும் வலது இடுப்பை 3 மணி என்றும் வைத்துக்கொண்டால், வலக்கைக்காரர்கள் பெரும்பாலோருக்கு மூன்றரை முதல் 4 மணி வரையுள்ள இடம் முழு அளவுத் துப்பாக்கிக்கு ஏற்றது. இடுப்பெலும்புக்குப் பின்னால் இயல்பாகவே ஒரு பள்ளம் இருப்பதால் எலும்பின்மேல் அழுத்தம் விழாது. பேன்ட்டின் உட்புறம் அமரும் ஹோல்ஸ்டரை, அதாவது துப்பாக்கி உறையை, தேர்ந்தெடுத்து, பிடி முன்னோக்கிச் சாயுமாறு ஏறத்தாழ 15 பாகை சாய்த்து மாட்டுங்கள். நேராக நிற்கும் பிடியின் அடிமுனை முதுகுப்புறம் துருத்தும். சாய்ந்த பிடி விலாவின் வளைவோடு போகும். இப்படி வைத்த பிறகு கீழே விழுந்த பொருளை எடுக்க இடுப்பை வளைத்துக் குனிந்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதால், முழங்காலை மடக்கி அமர்ந்து எடுக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

பேன்ட்டின் இடுப்பளவு வழக்கத்தைவிட ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ கூடுதலாக இருக்கட்டும். வலி என்று என்னிடம் வருபவர்களில் கணிசமானோருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வலி போய்விடுகிறது. சட்டையைப் பொறுத்தவரை, வெளிர்நிறத்தில் ஒரே வண்ணமாக உள்ள மெல்லிய டி-ஷர்ட்டைப் போல் காட்டிக்கொடுப்பது வேறொன்றுமில்லை. கட்டமோ அச்சோ போட்ட, சற்றுக் கனமான துணியில், அடிப்பகுதி நேராக வெட்டிய அரைக்கைச் சட்டை, ஓர் அளவு பெரிதாக, வெளியே விட்டு அணிந்தால் கிளாக் 17 நன்றாகவே மறையும். தோலுக்கும் ஹோல்ஸ்டருக்கும் நடுவே நீளமான பனியன் ஒன்று இருக்க வேண்டும். ஹூஸ்டன் பகுதி வியர்வையில் இது வசதிக்கு மட்டுமன்று, உலோகம் துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் தேவை.

உங்கள் அலுவலகத்தில் சட்டையை உள்ளே விட்டுத்தான் அணிய வேண்டும் என்றாலோ உங்கள் உடல்வாகு மிகவும் மெலிந்தது என்றாலோ, கிளாக் 19 போன்ற நடுத்தர அளவுக்கு இறங்குவதில் தவறில்லை. பிடியின் உயரத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ 1 செ.மீ. வேறுபாடு, அந்த ஒரு செ.மீ. சட்டையில் நன்றாகவே தெரியும். ஆனால் கடைக்காரர் சொன்னார் என்று மிகச் சிறியதற்குத் தாவிவிடாதீர்கள். எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும், பயிற்சி கசந்துபோகும், பயிற்சி இல்லாதவர் கையில் துப்பாக்கி இருப்பதை நான் விரும்புவதில்லை.

தோட்டாக்களை முழுவதும் நீக்கி, வேறு அறையில் வைத்துவிட்டு, விடுமுறை நாள் ஒன்றில் காலை முதல் இரவு வரை வீட்டிலேயே வெறும் துப்பாக்கியை அணிந்து பாருங்கள். படியேறுங்கள், சோபாவில் அமருங்கள், காரில் ஏறி சீட் பெல்ட் போட்டுப் பாருங்கள். அடிக்கடி சட்டையைத் தொட்டு இழுத்து விடும் பழக்கம் உங்களையறியாமலே வந்திருக்கும். அது மறைந்த பிறகு வெளியே அணிந்து செல்லலாம். துப்பாக்கியைவிட அந்தக் கைதான் பிறர் கண்ணில் முதலில் படுகிறது.

கேள்வி: வயிற்றுக்கு முன்புறம் வைத்தால் இன்னும் நன்றாக மறையும் என்று நண்பர் சொல்கிறார். குழல் தொடையை நோக்கி நிற்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதா?
– வாசகர், ஃபிரிஸ்கோ

பதில்: நியாயமானது; அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். முன்புறம் 1 மணிக்கு அருகில் வைப்பது நன்றாக மறைப்பது உண்மைதான். ஹோல்ஸ்டரில் பெல்ட்டின்மேல் அழுந்தும் சிறிய நீட்டல் ஒன்றைப் பொருத்தினால் அது பிடியை உள்நோக்கித் திருப்பும். குழல்முனைக்குப் பின்னால் சிறு நுரைத் திண்டு ஒட்டினால் மேற்பகுதி வயிற்றோடு சேரும். உட்காரும்போது நீண்ட குழல் தொடையின் மடிப்பில் குத்துகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தொந்தியுள்ளவர்களுக்கு இந்த இடம் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.

விபத்துகள் பல, துப்பாக்கியைத் திரும்ப உறையில் வைக்கும்போது நேர்கின்றன. சட்டை நுனியோ ஜாக்கெட்டின் நாடாவோ உறைக்குள் புகுந்து விசையில் சிக்கினால், விசையைப் பூட்டிவைக்கும் கைத்தாழ்ப்பாள் இல்லாத கிளாக் போன்ற துப்பாக்கி வெடித்துவிடும். எனவே விசைக் காப்பை முழுவதும் மூடும், துப்பாக்கி இல்லாதபோதும் வாய் சுருங்காத, கைடெக்ஸ் போன்ற விறைப்பான பொருளில் அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர்தான் வேண்டும். எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் துணி உறைகளை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. உறையைத் தனியே வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் வைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து இடுப்பில் மாட்டுவது முன்புறம் அணிபவர்களுக்கு நல்ல பழக்கம்.

கேள்வி: வார இறுதியில் கோயில், கல்யாணம், பந்தி என்று வேட்டியோடுதான் இருக்கிறேன். அப்போது எப்படி வைத்துக்கொள்வது?
– வாசகர், பேர்லேண்ட்

பதில்: வைத்துக்கொள்ள வேண்டாம். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் வழிபாட்டிடங்களில் உரிமம் உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடமளிக்கிறது. கோயில் நிர்வாகம் உரிய அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் கூடாது. வாயிலில் அத்தகைய பலகை இருக்கிறதா என்று பார்த்தே நுழைய வேண்டும். ஆனால் சட்டத்துக்கு முன்பே உடை உங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. வேட்டிக்குப் பெல்ட் சுழல்கள் இல்லை; வேட்டியின்மேல் கட்டும் எந்தப் பட்டையும் ஒரு கிலோவை நிலையாகப் பிடித்து நிற்காது; தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால் இடுப்பில் உள்ளது மேலே தள்ளப்படும்; சாஷ்டாங்கமாக விழுந்து வணங்கும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குழந்தைகள் ஓடியாடி மேலே விழும் மண்டபத்தில் நழுவும் துப்பாக்கியோடு இருப்பது பாதுகாப்பு ஆகாது. அன்றைக்கு வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். காரில் விட்டுச் செல்லும் துப்பாக்கிகளே அதிகம் திருடு போகின்றன.

கேள்வி: என் கணவர் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறார். எங்களுக்கு ஆறு வயது மகன் இருக்கிறான். எட்டாது என்கிறார். வெளியே போகும்போது கழிப்பறையில் என்ன செய்கிறார் என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.
– வாசகி, கேட்டி

பதில்: அம்மா, உங்கள் கவலை இரண்டிலும் நியாயம் உள்ளது. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறத் தெரிந்த பிள்ளைக்கு எட்டாத தட்டு வீட்டில் எதுவும் இல்லை. டெக்சஸ் சட்டப்படி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி அசட்டையாக விட்டு, அது பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் வைத்தவர்மேல் குற்றம் சாரும்; உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தால் தண்டனை கூடும். படுக்கையறையிலோ நுழைவாயில் அருகிலோ எண்பொத்தான்கள் கொண்ட சிறு இரும்புப் பெட்டகம் ஒன்றைச் சுவரில் திருகி வைத்து, இடுப்பை விட்டு எடுத்ததும் உறையோடு அதில் வைப்பதே வழி. முழு அளவுத் துப்பாக்கி 20 செ.மீ.க்கு மேல் நீளமுள்ளதால், உறையோடு நுழையுமா என்று அளந்து வாங்கச் சொல்லுங்கள்.

பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியைத் தட்டிலோ தாள் உருளையின் மேலோ கழற்றி வைப்பவர்கள் அதை மறந்து வருவதாக அடிக்கடி செய்தி வருகிறது. உறையை விட்டு எடுக்கவே கூடாது. பேன்ட்டை முழங்கால் அளவில் நிறுத்தி, பெல்ட்டின் கொக்கியை மீண்டும் மாட்டி, உறையை உள்ளேயே இருக்க விட வேண்டும். தடுப்புச் சுவரின் கீழ் இடைவெளியில் பக்கத்தவர் கண்ணில் படாத உயரம் அது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் 2021 முதல் உரிமமே தேவையில்லை என்கிறார்களே, நானும் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், இர்விங்

பதில்: கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டம், துப்பாக்கி வைத்திருக்க வேறு தடை ஏதும் இல்லாதவர்களுக்கே பொருந்தும். எச்-1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கான விலக்கு போன்ற சில உண்டு. ஆனால் வழக்கறிஞரைக் கலந்து பேசாமல் அதை நம்பி இறங்குவது உங்கள் குடும்பத்தின் விசாவையே பணயம் வைப்பதாகும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அவர்களுக்கும் குடிமக்களுக்கும் ஒரு சொல்: உரிமம் கட்டாயமில்லை என்றாலும் பெற்றுக்கொள்ளுங்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் தந்தை இந்த எல்லையை நாள்தோறும் இருமுறை கடக்கிறார். பள்ளிக் கட்டடத்துக்குள் எடுத்துச் செல்வது உரிமம் உள்ளவருக்கும் பொதுவாகக் கூடாது. தபால் நிலையத்துக்குள்ளும் அப்படியே.

கேள்வி: நியூஜெர்சியில் தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகர், ஆஸ்டின்

பதில்: துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். டெக்சஸ் உரிமம் நியூஜெர்சியில் செல்லாது. அங்கு இடுப்பில் இருந்தால் அது கடுமையான குற்றம். நாள்தோறும் அணிந்து பழகியவர்களுக்கு அது இடுப்பில் இருப்பதே மறந்துபோகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,700க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. வசதியாக அமைந்துவிட்ட ஹோல்ஸ்டரின் ஆபத்தும் இதுவே.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது ஒற்றைத் தோட்டாவைத்தான். ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையே பயணத்துக்கும் பயன்படுத்துபவர்களின் பையடியில் ஒரு தோட்டா தங்கிவிடுகிறது. இந்திய விமான நிலையத்தில் எக்ஸ்-ரே கருவி அதைக் காட்டிவிடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகும். பையில் இருந்ததே தெரியாது என்பதை ஏற்று தில்லி உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்து செய்திருக்கிறது; ஆனால் அதற்குள் விமானமும் விடுப்பும் கைவிட்டுப் போயிருக்கும். சென்னைக்கு எடுத்துச் செல்லும் பை, ரேஞ்சுக்கு ஒருமுறைகூடப் போகாத பையாக இருக்கட்டும். ஜாக்கெட்டின் உட்பைகளையும் புறப்படுவதற்கு முந்தைய இரவே வெளியே இழுத்துப் பாருங்கள்.