இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அது பக்கவாத எச்சரிக்கைதான்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) வசிக்கிறோம். கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் போட்டிருக்கிறோம். பத்து நாட்களுக்கு முன், உறைபனி விழுந்த ஒரு காலையில், கேரட் பாத்திக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் வலது கையிலிருந்து குழாய் நழுவி விழுந்தது. கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியது போலவும் இருந்தது என்கிறார் அம்மா. வீட்டுக்குள் அழைத்து வந்து சுக்குக் காப்பி கொடுத்து, கை கால்களைத் தேய்த்துவிட்டோம். இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ‘பனி இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை’ என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அப்பாவும் அதையே சொல்லி மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ‘உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொல்லி ஒரு வருடமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். பீடி பிடிப்பார். இது பனியால் வந்ததா? பக்கவாதத்துக்குப் புதிதாக ஓர் ஊசி வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அதை இப்போது போட்டுக்கொள்ளலாமா? வாரம் இருமுறை பிக்கப் வண்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு அவரே மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறார். தொடர்ந்து போகலாமா?
- வாசகி, கோத்தகிரி

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்து, அப்பாவை அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி சொன்னேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்தது மலையில் பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் இதே போலச் சுக்குக் காப்பியோடு முடிந்துவிடுகிறது.

அப்பாவுக்கு வந்ததை நாங்கள் டி.ஐ.ஏ. என்போம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றை ஒரு சிறு ரத்தக்கட்டி அடைக்கிறது. அது தானாகவே கரைந்தோ நகர்ந்தோ போய்விட, ரத்த ஓட்டம் திரும்புகிறது. இடது பக்க மூளையில் அடைப்பு ஏற்பட்டதால் வலது கை விழுந்தது. பெரும்பாலானோருக்குப் பேச்சையும் அந்தப் பக்கமே கவனித்துக்கொள்வதால் பேச்சிலும் கோளாறு வந்தது. சுக்கும் தேய்ப்பும் குணப்படுத்தவில்லை. கட்டி நகர்ந்ததால் குணமானது. ஆனால் அந்தக் கட்டி உருவான இடம், அது இதயமோ கழுத்துக் குழாயோ, அப்படியே இருக்கிறது. அடுத்த கட்டி எப்போது புறப்படும், அது கரையுமா கரையாதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் 24 மணி நேரத்துக்குள் சரியாகிவிட்டால் டி.ஐ.ஏ., அதற்கு மேல் நீடித்தால் பக்கவாதம் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பிரித்தோம். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. சில நிமிடங்களில் முழுவதும் குணமாகி நடந்து வந்தவர்களைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய மூவரில் ஒருவரின் மூளையில் புதிதாக ஒரு சிறு பகுதி செத்துப்போயிருந்தது தெரிந்தது. அதனால் 2009 முதல், நேரத்தை வைத்தல்லாமல், மூளைத் திசு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை வைத்தே முடிவு செய்கிறோம். ‘இருபது நிமிடம்தானே’ என்று அப்பா சொல்லும்போது இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு ஆபத்து என்று கேட்பீர்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவில் டி.ஐ.ஏ. வந்த 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 90 நாட்களுக்குள் பத்தில் ஒருவருக்கு முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதிப் பேருக்கு முதல் இரண்டே நாட்களில் வந்துவிட்டது. இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஏனென்றால், இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், டி.ஐ.ஏ.வோ லேசான பக்கவாதமோ வந்தவர்களைக் காத்திருக்க வைக்காமல் உடனே பார்த்து, அன்றே சிகிச்சையைத் தொடங்கினார்கள். 90 நாட்களில் மறுபடி பக்கவாதம் வருவது 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. அதில் புதிய மருந்து எதுவும் இல்லை. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் நம் அரசு மருத்துவமனைகளிலேயே கிடைப்பவைதான். மாறியது ஒன்றே: தாமதிக்காமல் கொடுத்தார்கள். அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, ‘சரியாகிவிட்டது டாக்டர், அடுத்த வாரம் சந்தைக்கு வரும்போது வருகிறேன்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பதறுகிறது.

பிறகு வந்த ஆய்வுகள் இதை இன்னும் உறுதிப்படுத்தின. 2013-இல் வெளியான ஆய்வில், சீனாவில் 5,170 பேரில் பாதிப் பேருக்கு, முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது, பக்கவாதம் 11.7 சதவீதத்திலிருந்து 8.2 சதவீதமாகக் குறைந்தது. 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வு, 72 மணி நேரம் வரை தொடங்கினாலும் ஓரளவு பலன் உண்டு என்று காட்டியது. ஆனால் இரண்டு மாத்திரைகளையும் நீண்ட நாள் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு கூடும். அதனால் வழக்கமாக மூன்று வாரத்தோடு ஒன்றை நிறுத்திவிடுவோம். உங்கள் அப்பாவுக்குப் பத்து நாள் கடந்துவிட்டதால் இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்பதை, ஸ்கேனைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பத்து நாளுக்குப் பிறகும் ஏன் அவசரம்? கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்து 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், அதை அறுவை சிகிச்சை செய்து சுத்தப்படுத்துவது பக்கவாதத்தைத் தடுக்கும். அந்தச் சிகிச்சையின் முழுப் பலன், அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான். நாள் ஆக ஆகப் பலன் குறைந்துகொண்டே போகும். உங்கள் அப்பா பீடி பிடிப்பவர், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர். கழுத்துக் குழாய் சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை. அதோடு இ.சி.ஜி. எடுத்து, இதயம் தாளம் தப்பித் துடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படித் துடித்தால் இதயத்துக்குள்ளேயே ரத்தம் கட்டக்கூடும். அதற்கு ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மருந்து தேவை. ஒரு இ.சி.ஜி.யில் தெரியாவிட்டால், ஒரு நாள் முழுவதும் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி வைத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் அதே நாளில் முடிந்துவிடும்.

பனியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டார் சொன்னதில் சிறிதளவு உண்மை இருக்கிறது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். கோடையில் சரியாக இருந்தவருக்கு மார்கழி, தை மாதங்களில் கூடுதலாக இருப்பதை நாங்கள் வழக்கமாகப் பார்க்கிறோம். ஏற்கெனவே சீர்கெட்ட ரத்தக்குழாய் உள்ளவருக்கு உறைபனிக் காலை ஒரு கூடுதல் சுமை, அவ்வளவுதான். அதே பனியில் அதே வயலில் நின்ற உங்கள் அம்மாவின் கை விழவில்லையே. நோய் பனியில் இல்லை. நிறுத்திய மாத்திரையிலும் பீடியிலும் இருக்கிறது. மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய பிறகு, வெயில் ஏறியதும் வயலுக்குப் போகச் சொல்லுங்கள். காதையும் தலையையும் மூடிக்கொள்ளட்டும். விடியற்காலையில் தண்ணீர் அடித்தே ஆகவேண்டும் என்றால், கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது அதைச் செய்யட்டும்.

இனி அந்த ஊசி. அது இப்போது அப்பாவுக்குத் தேவையில்லை, போடவும் கூடாது. அறிகுறி இருக்கும்போதே, கட்டியைக் கரைக்கப் போடுவது அது. 1995-இல் ஆல்டிபிளேஸ் என்ற மருந்து மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று நிரூபிக்கப்பட்டது. 2008-இல் அந்த எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது. நீங்கள் கேள்விப்பட்ட புதியது டெனெக்டிபிளேஸாக இருக்கும். 2022-இல் வெளியான ஆய்வில், கனடாவில் ஏறத்தாழ 1,600 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, இது பழைய மருந்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. மலைவாசிகளான நமக்கு இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பழைய மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். புதியதை ஒரே ஊசியாகச் சில விநாடிகளில் போட்டுவிடலாம். மேலேயே ஸ்கேன் எடுத்து ஊசியைப் போட்டுவிட்டு, பெரிய கட்டியைக் குழாய் வழியாக வெளியே எடுக்கும் சிகிச்சைக்காகக் கோவைக்கு ஆம்புலன்ஸில் உடனே அனுப்பிவிட முடியும். அந்தக் குழாய்வழிச் சிகிச்சையும் 2018-இல் வந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை செய்யப்படுகிறது.

ஆனால் ஊசிக்கு முன் சி.டி. ஸ்கேன் கட்டாயம். பக்கவாதம் ரத்தக்குழாய் அடைத்தும் வரும், வெடித்தும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெடித்தவருக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. இதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்கிறேன். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று நாக்கின் அடியில் மாத்திரை வைப்பதும் வேண்டாம். சீனாவில் 2,404 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. ஆம்புலன்ஸிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது நன்மை செய்தது, அடைப்பு உள்ளவர்களுக்குத் தீமை செய்தது. எது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள், எங்கே இந்த ஊசி இருக்கிறது என்று விசாரித்து, சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். நாலரை மணி நேரத்தில் பாதியைப் பாதையே தின்றுவிடும். மறுபடி முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கண் பார்வை திடீரென மறைந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள். எந்தச் சிகிச்சை என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர், காப்பி எதுவும் வேண்டாம், விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருந்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். சரியாகிவிட்டாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் உங்களுக்குக் கடினமான வேலை என்று தெரியும். மலையில் வலி இல்லாத நோய்க்கு யாரும் பஸ் ஏறுவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு வலியே கிடையாது, அதுவே அதன் கொடுமை. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பது ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் அல்ல. மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணமும் அல்ல. மருத்துவமனைக்கு நடந்து அலுத்துப்போய் நிறுத்தியிருந்தால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். மாத்திரை வீட்டுக்கே வரும். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவதால் உண்மையிலேயே பலன் உண்டு. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், அப்படி வீடு தேடி வந்து பார்க்கப்பட்டவர்களின் ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. பீடியை விட வேண்டும்; குறைத்தால் போதாது.

உப்பையும் பாருங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் வெளியானது. நம் கடைகளில் ‘குறைந்த சோடியம்’ என்று விற்பது அந்த வகைதான். ஆனால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து. அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்குங்கள்.

வண்டி விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். இங்கிலாந்தில் டி.ஐ.ஏ. வந்தவர் குறைந்தது ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது என்பது விதி. கொண்டை ஊசி வளைவுகளில் சுமை ஏற்றிய பிக்கப் ஓட்டுபவருக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். வளைவில் வலது கை இருபது விநாடி விழுந்தாலே போதும். அவரோடு எதிரே பஸ்ஸில் வருபவர்களும் போய்விடுவார்கள். பரிசோதனைகள் முடிந்து, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கேரட்டை வேறு ஓட்டுநரிடம் ஏற்றி அனுப்புங்கள். மண்டிக்குப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டுமென்றால், அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகட்டும்.